யாருடைய காலம்? ‘கீமதுஸ் ஸமன் இந்தல் உலமா’ நூலை முன்வைத்து

பாடக் கிதாபுகளுக்கு வெளியே மாணவர்களுக்கு மதரஸா ஆசிரியர்கள் விரும்பிக் கொடுக்கும் நூல்கள் சில உண்டு. ஹலப் நகரில் 1917இல் பிறந்து, 1997இல் ரியாதில் மறைந்த ஹதீஸ் அறிஞர் ஷெய்கு அப்துல் ஃபத்தாஹ் அபூ ஃகுத்தா (ரஹ்) எழுதிய ‘கீமதுஸ் ஸமன் இந்தல் உலமா’ அவற்றுள் ஒன்று. ‘உலமாக்களிடத்தில் காலத்தின் மதிப்பு’ என்பது அதன் பொருள். அளவில் சிறிய நூல்தான். ஆனால் அதை வாசித்து முடித்த மாணவன் அன்றிரவு விளக்கை அணைக்கச் சற்றுத் தயங்குவான். அத்தகைய ஆற்றல் அதற்கு உண்டு.

நூலின் முறை எளியது. முன்னோர்களான அறிஞர்கள் தம் காலத்தை எவ்வாறு பேணினார்கள் என்பதற்கு வரலாற்று நூல்களிலிருந்து நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆசிரியர் அடுக்கிச் செல்கிறார். உண்ணும் நேரமே தமக்கு மிகவும் பாரமான நேரம் என்று கூறிய இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் அதில் வருகிறார். மரணப் படுக்கையிலும் ஃபிக்ஹுச் சட்டம் ஒன்றை விவாதித்த இமாம் அபூ யூஸுஃப் வருகிறார். நடந்துகொண்டே வாசித்ததால் குதிரை வந்ததை அறியாது இடிபட்டு, ஹி. 291இல் இறந்த தஃலப் வருகிறார். நாற்பது ஆண்டுகள், நாளொன்றுக்கு நாற்பது தாள்கள் வீதம் எழுதியதாகச் சொல்லப்படும் இமாம் தபரீ (இறப்பு ஹி. 310 / கி.பி. 923) வருகிறார். இவர்களைப் படிக்கும்போது நம் சோம்பல் நமக்கு வெட்கமாகத் தெரிகிறது. அதுவே ஆசிரியரின் நோக்கமும் ஆகும்.

அந்த நோக்கத்தோடு நமக்கு மாறுபாடு இல்லை. திருக்குர்ஆனின் 103ஆம் அத்தியாயம் காலத்தின் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது. காலம் மூலதனம் என்பதில் முஸ்லிம் ஒருவனுக்கு ஐயம் இருக்க இடமில்லை. எனினும் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டும் மேற்கோள் காட்டப்பட்டும் வரும் ஒரு நூலிடம் நாம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்நூல் அளப்பது யாருடைய காலத்தை? எல்லா மனிதரின் காலத்தையுமா, ஒரு வகை இயல்புடையோரின் காலத்தை மட்டுமா? ஆணின் காலத்தையும் பெண்ணின் காலத்தையும் அது ஒரே கோலால் அளக்கிறதா? இக்கேள்வி நூலைக் குறைத்து மதிப்பதற்காக எழுப்பப்படுவதன்று. அதை இனி யார் கையில் கொடுக்கிறோம் என்பது மாறிவிட்டதால் எழும் கேள்வி இது.

ஒரே இயல்பின் சித்திரம்

நூலில் நம் மனத்தை மிகவும் கவ்வும் மனிதர் பக்தாதின் ஹன்பலீ அறிஞர் அபுல் வஃபா இப்னு அகீல் (இறப்பு ஹி. 513 / கி.பி. 1119). பல நூறு பாகங்கள் கொண்டதாகச் சொல்லப்படும் ‘கிதாபுல் ஃபுனூன்’ அவருடையது. ரொட்டியை மென்று தின்பதைவிடக் ‘கஅக்’ எனும் உலர்ந்த பண்டத்தைத் தண்ணீரோடு விழுங்குவதையே அவர் தேர்ந்தார். மெல்லுவதற்குச் செலவாகும் நேரம் மிச்சமாகும், அந்த நேரத்தில் இன்னும் சிறிது வாசிக்கலாம் என்பது அவர் கணக்கு.

இதை நாம் பக்தியின் செய்தியாக மட்டுமே வாசிக்கப் பழகியிருக்கிறோம். ஆனால் இதில் ஓர் இயல்பின் செய்தியும் இருக்கிறது. காலத்தைப் பாய்ந்தோடும் ஒன்றாக உணர்பவர்களும் உண்டு. அசையாது பரந்து கிடக்கும் ஒன்றாக உணர்பவர்களும் உண்டு. 1958இல் நாப், கார்பட் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், காலத்தைக் குறிக்கும் உவமைகளைக் கொடுத்து, பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஆராய்ந்தார்கள். சாதிக்கும் வேட்கை மிகுந்தோர் விரைவைக் காட்டும் உவமைகளை நாடினார்கள். அவ்வேட்கை குறைந்தோர் அமைதியான கடல் போன்ற அசைவற்ற உவமைகளை நாடினார்கள். 1999இல் ஃபிலிப் சிம்பார்டோவும் ஜான் பாய்டும் 56 கூற்றுகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டு, காலத்தை நோக்கும் மனநிலைகளை ஐந்தாக வகுத்தார்கள். கடந்த காலத்தைக் கசப்போடு நினைத்தல், இனிமையோடு நினைத்தல், நிகழ்காலத்தை இன்பமாக நுகர்தல், நிகழ்காலத்தை விதியின் கையில் விட்டிருத்தல், எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடல் என்பன அவை. கடமையுணர்வும் ஒழுங்கும் மிகுந்த இயல்புடையோர் எதிர்கால நோக்கிலும் மிகுந்திருந்தார்கள் என்பது அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று.

இவ்வளவைகளை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தவக்குலையும் கையாலாகாத்தனத்தையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடும் ஆபத்து ‘விதி’ பற்றிய அவர்களது பகுப்பில் இருக்கிறது. ஆனால் அடிப்படைச் செய்தி நமக்குப் புதிதன்று. மனிதரின் இயல்புகள் பல. காலத்தோடு அவர்கள் கொள்ளும் உறவும் பல. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் அவ்ராதுகளை ஒழுங்கு செய்யும் பகுதியில், மறுமைப் பாதையில் நடப்போரை ஆறு வகையினராகப் பிரிக்கிறார். வணக்கசாலி, ஆலிம், மாணவர், தொழில் செய்பவர், ஆட்சிப் பொறுப்புடையவர், இறைவனில் முற்றிலும் மூழ்கியவர் என்னும் அறுவருக்கும் ஒரே கால அட்டவணை இல்லை என்பது அவர் வாதம். குடும்பத்தைக் காக்க உழைத்தாக வேண்டிய தொழிலாளி, அதைக் கைவிட்டு நேரம் முழுவதையும் வணக்கத்தில் கழிக்கக் கூடாது. சந்தையில் நிற்கும் அந்த நேரமே அவனுடைய விர்து, அங்கு இறைநினைவை மறவாதிருந்தால் போதும் என்கிறார்.

இந்த அகலம் அபூ ஃகுத்தாவின் தொகுப்பில் சுருங்கிவிடுகிறது. விரைபவர், தனித்திருப்பவர், மிச்சம் பிடிப்பவர் ஆகியோரே அதன் நாயகர்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹி. 597 / கி.பி. 1201) வீண்பேச்சுக்கு வரும் விருந்தினரைத் தவிர்க்க இயலாதபோது, காகிதம் வெட்டுவதையும் எழுதுகோல் சீவுவதையும் அந்நேரத்துக்கென ஒதுக்கி வைத்த செய்தியை நூல் எடுத்துரைக்கிறது. அதே இப்னுல் ஜவ்ஸீ மூடர்களைப் பற்றியும் ஏமாளிகளைப் பற்றியும் ஒரு முழு நூல் எழுதியவர். தொடர்ந்த கடுமையில் மனம் சலிக்கும், அதற்குச் சிரிப்பும் தேவை என்று உணர்ந்தே அதை எழுதினார். எழுதுகோல் சீவிய இப்னுல் ஜவ்ஸீயை மட்டும் மாணவனுக்குக் காட்டி, சிரிக்க வைத்த இப்னுல் ஜவ்ஸீயைக் காட்டாது விட்டால், அவன் கற்றுக்கொள்வது காலத்தின் மதிப்பை அன்று. ஒருவரின் பாதி உருவத்தையே.

கவளம் ஊட்டிய கைகள்

இயல்பைப் பற்றிய கேள்வி இத்தகையது என்றால், ஆண்-பெண் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. நூலில் பெண் வரும் இடங்களில் இரண்டை வாசகர் எவரும் மறக்கமாட்டார்.

ஒன்று, கூஃபாவின் ஹதீஸ் அறிஞர் உபைத் இப்னு யஈஷ் பற்றியது. இமாம் முஸ்லிமின் ஆசிரியர்களுள் ஒருவர். முப்பது ஆண்டுகளாக இரவு உணவைத் தம் கையால் உண்டதில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அவர் ஹதீஸ் எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய சகோதரி கவளம் கவளமாக ஊட்டுவார்.

மற்றது, கைரவானின் மாலிகீ அறிஞர் முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (இறப்பு ஹி. 256 / கி.பி. 870) பற்றியது. ‘முதவ்வனா’வைத் தொகுத்த இமாம் ஸஹ்னூனின் மகன். உம்மு முதாம் என்னும் அடிமைப்பெண் அவரிடம் இருந்தார். ஒருநாள் நூல் எழுதுவதில் அவர் ஆழ்ந்திருக்கையில் இரவாகிவிட்டது. உணவு ஆயத்தமாக இருக்கிறது என்று அப்பெண் அறிவித்தபோது, வேலையாக இருக்கிறேன் என்றார். நெடுநேரம் காத்திருந்த அவர், தாமே கவளங்களை எடுத்து ஊட்டி முடித்தார். ஃபஜ்ருடைய பாங்கு கேட்டபோதுதான் இப்னு ஸஹ்னூன் தலைநிமிர்ந்தார். இரவு உன்னைக் கவனிக்கவில்லையே, இருப்பதைக் கொண்டு வா என்றார். உணவை ஊட்டிவிட்டேனே என்று உம்மு முதாம் சொல்ல, தாம் அதை உணரவேயில்லை என்று பதிலளித்தார்.

இரண்டும் அறிஞரின் ஈடுபாட்டுக்குச் சான்றாகவே எடுத்துக் காட்டப்படுகின்றன. அப்படிக் காட்டுவதில் பொய் எதுவுமில்லை. ஆனால் கதையில் இருவர் விழித்திருந்தார்கள். ஒருவரின் விழிப்பு மட்டுமே எண்ணப்பட்டது.

இமாம் தபரீயின் விஷயத்தில் மாணவர்கள் செய்த கணக்கை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அவர் எழுதிய தாள்களை அவர் பருவமடைந்த நாளிலிருந்து இறந்த நாள் வரையிலான நாட்களுக்குப் பங்கிட்டுப் பார்த்து, நாளொன்றுக்குப் பதினான்கு தாள்கள் என்று கண்டார்களாம். அவ்வளவு நுட்பமாகக் கணக்கிடத் தெரிந்த மரபு நம்முடையது. அதே கணக்கை உபைதின் சகோதரிக்கும் போட்டுப் பார்க்கலாமல்லவா? சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள் என்று கொண்டால், முப்பது ஆண்டுகள் என்பது 10,620 இரவுகள். அவ்வளவு இரவுகளையும் கல்விக்காகச் செலவிட்ட அப்பெண்ணின் பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை. உம்மு முதாமுக்கோ பெயராவது எஞ்சியது. ஆனால் அவருடைய இரவு சட்டப்படியே அவருக்குச் சொந்தமானதன்று.

பெண்கள் இதைப் பற்றி என்ன உணர்ந்தார்கள் என்பதற்குச் சில தடயங்கள் இல்லாமலில்லை. இமாம் ஸுஹ்ரீ (இறப்பு ஹி. 124 / கி.பி. 742) வீட்டில் அமர்ந்தால் நூல்களைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு அவற்றிலேயே மூழ்கிவிடுவார். மூன்று சக்களத்திகளைவிட இந்த நூல்கள் தமக்குக் கடினமானவை என்று அவருடைய மனைவி சத்தியமிட்டுச் சொன்னதாக இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். நம் சொற்பொழிவாளர்கள் இதைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பது வழக்கம். நகைச்சுவை என்ற பெயரில் நிலைபெற்றுவிட்ட இந்த வாக்கியம், உண்மையில் ஒரு முறையீடு.

உளவியல் சொல்வதும் சொல்லாததும்

பெண்கள் காலத்தை வேறு விதமாக உணர்கிறார்கள், அது அவர்களின் படைப்பியல்பு என்று சிலர் இவ்விடத்தில் சொல்லக்கூடும். கேட்பதற்கு இதமான வாதம்; எவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதே அதன் வசதி. ஆகவே ஆய்வுகள் என்ன கூறுகின்றன என்று பார்ப்பது நம் கடமை.

இக்கேள்வி புதிதன்று. 1904லேயே ராபர்ட் மக்டூகல் என்பவர் ஆண்-பெண் காலவுணர்வு வேறுபாட்டைப் பற்றி அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1959இல் ஹான்ஸ் ஐசெங்க், புறநோக்கு இயல்புடையோரும் அகநோக்கு இயல்புடையோரும் குறுகிய கால அளவுகளை வெவ்வேறாக மதிப்பிடுவார்கள் என்னும் கருத்தை ஆராய்ந்தார். பின்வந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. 2000இல் ரிச்சர்ட் பிளாக், பீட்டர் ஹான்காக், டான் ஸகாய் ஆகிய மூவர், அதுவரை நடந்த எண்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆண்-பெண் வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். உண்மையான கால அளவோடு ஒப்பிடுகையில் பெண்களின் மதிப்பீடு ஆண்களினதைவிடச் சற்று நீண்டிருந்தது. ஆனால் வேறுபாடு சிறியது. காலத்தை மதிப்பிட வேண்டும் என்று முன்னரே சொல்லப்பட்டதா, பிறகு கேட்கப்பட்டதா என்பதைப் பொறுத்தும் அது மாறியது.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. நேரத்தைக் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு நேரம் நீள்கிறது. வேறொன்றில் கவனம் முழுவதும் சென்றுவிட்டவருக்கு அது குறுகுகிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் உளவியல் நூலிலேயே, காலத்தின் ஓட்டத்தையே கவனித்திருக்கும்போது அது நீண்டு சலிப்பூட்டுகிறது என்று விளக்கியிருக்கிறார். தன் திறனுக்கு ஏற்ற கடினமான வேலையில் ஒருவர் முற்றிலும் மூழ்கும்போது நேரவுணர்வு மறைந்துபோவதை, மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1990இல் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இந்த விளக்கத்தோடு கைரவானின் அந்த இரவுக்குத் திரும்புவோம். இப்னு ஸஹ்னூனுக்கு இரவு ஒரு கணமாகக் கழிந்தது. உம்மு முதாமுக்கு அப்படிக் கழிந்திருக்க இயலாது. கவளம் எடுக்க வேண்டும். வாய் ஓய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதும் கை தடைபடாமல், தாளில் ஒரு துளி சிந்தாமல் ஊட்ட வேண்டும். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். நேரத்தைக் கவனிப்பதே அவருடைய வேலை. அதிகாலையில் இருவரிடமும் இரவு எவ்வளவு நீண்டது என்று ஒருவர் கேட்டிருந்தால், விடைகள் மாறுபட்டிருக்கும். அவசரக்கார ஆய்வாளர் ஒருவர் அதை ‘ஆண், பெண்’ என்று இரு நிரல்களில் எழுதிக்கொண்டு போயிருப்பார். உண்மையில் அந்த வேறுபாடு பாலினத்திலிருந்து பிறந்தது அன்று. யாருக்கு மூழ்கும் வேலை கிடைத்தது, யாருக்குக் காவல் காக்கும் வேலை கிடைத்தது என்பதிலிருந்து பிறந்தது. எழுதுகோல் உம்மு முதாமின் கையில் இருந்து, கவளம் இன்னொருவர் கையில் இருந்திருந்தால், ஃபஜ்ருடைய பாங்கு அவரையும் திடுக்கிட வைத்திருக்கும்.

இந்தப் பங்கீடு கைரவானோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவில் நேரம் எவ்வாறு செலவாகிறது என்பதை அறிய 1998-99இல் ஆறு மாநிலங்களில் முதல் முன்னோடிக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. 2019இல் நாடு முழுவதற்குமாக நடந்த கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டதாகத் தெரியவந்தது. எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்நிமிடங்களின் வடிவம். அடுப்பும் குழந்தையும் நோயாளியும் கேட்கும் நேரம் துண்டு துண்டானது. எப்போது அழைப்பு வரும் என்று அறிய முடியாதது. அப்படிச் சிதறிய நேரத்தில் மூழ்குதல் அரிது. இதைப் பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிடுவது, கையைக் கட்டிவிட்டு எழுத்து அழகாயில்லை என்பதற்குச் சமம்.

ஃபிக்ஹ் அளிக்கும் சான்று

பெண்ணின் காலவுணர்வை நம் மரபு எப்போதும் எண்ணாமல் விட்டதா என்றால், இல்லை. வியப்பு என்னவென்றால், வரலாற்று நூல்கள் விட்டுவிட்ட இடத்தில் ஃபிக்ஹு நூல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஹைளு பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் அஞ்சும் பாடம் அது. அதன் அடித்தளங்களுள் ஒன்று ‘ஆதத்’, அதாவது ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய வழக்கம். நாட்கள் குழம்பும்போது அவளுடைய சென்ற மாதங்களின் வழக்கத்தையே சட்ட அறிஞர்கள் நாடுகிறார்கள். அதாவது, பெண்கள் என்ற பொதுப்பெயரின் கீழ் ஒரே கணக்கை எழுதிவிடாமல், இந்தப் பெண்ணின் கணக்கு என்ன என்று கேட்கிறார்கள். தன் நாட்களின் எண்ணிக்கையையும் தொடக்கத்தையும் மறந்துவிட்டவளை ‘முதஹய்யிரா’ என்றழைத்து, அவளுடைய தொழுகை, நோன்பு பற்றி நெடிய ஆராய்ச்சிகள் செய்தார்கள். அவளைப் பற்றி மட்டுமே இமாம் தாரிமீ ஒரு பெரிய பாகம் எழுதியதாக இமாம் நவவீ (ரஹ்) ‘மஜ்மூஉ’வில் குறிப்பிடுகிறார். இங்கு பேசப்படுபவர் ஷாஃபிஈ மத்ஹபின் அபுல் ஃபரஜ் தாரிமீ. ஹதீஸ் தொகுப்பாளரான தாரிமீ அல்லர். ஒரு பெண் தன் நாட்களை மறந்ததற்காக ஒரு பாகம்! அவள் நினைவு வைத்திருக்கும்போது அந்நினைவின் மேல் எவ்வளவு சட்டங்கள் நிற்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தாவும் அவ்வாறே. மாதவிடாயைக் கொண்டு கணக்கிடப்படும் இத்தா முடிந்துவிட்டது என்று பெண் சொன்னால், அது நிகழக்கூடிய கால எல்லைக்குள் இருக்குமாயின் அவள் சொல் ஏற்கப்படுகிறது. மறுமணம், பரம்பரை, வாரிசுரிமை ஆகிய இவ்வளவு பெரிய விஷயங்களும் அவளுடைய கணக்கின் மீது நிற்கின்றன. காலத்தை எண்ணுவதில் பெண்ணை நம்பகமான சாட்சியாக ஏற்ற ஒரு மரபு, அவள் செலவழித்த காலத்தை மட்டும் எண்ணாமல் விடுவதற்கு நியாயம் ஏது?

மக்காவில் ஐந்து நாட்கள்

பெண்ணுக்குத் தொடர்ச்சியான நேரம் வாய்த்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் நம் வரலாற்றில் விடை உண்டு. மக்காவில் வாழ்ந்த கரீமா பின்த் அஹ்மத் அல்-மர்வஸிய்யா, ஸஹீஹுல் புகாரீயைக் குஷ்மீஹனீயிடம் கேட்டு அறிவித்தவர். இமாம் தஹபீயின் முடிவுப்படி ஹி. 463இல் (கி.பி. 1071) மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். அறிவிக்கும்போதெல்லாம் தம் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நுட்பமுடையவர் என்று தஹபீ அவரைப் பாராட்டுகிறார். அதே ஹி. 463இல் மறைந்த கதீப் பக்தாதீ, ஸஹீஹுல் புகாரீ முழுவதையும் இந்த அம்மையாரிடம் ஐந்தே நாட்களில் வாசித்து முடித்தார்.

இந்த ஐந்து நாட்கள் கதீபின் வேகத்துக்குச் சான்றாகவே எப்போதும் சொல்லப்படுகின்றன. ஆனால் வாசித்தவருக்கு மட்டுமா அந்த ஐந்து நாட்கள்? எதிரே பிரதியை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகக் கேட்டு, பிழை நேராமல் காத்தவருக்கும் அதே ஐந்து நாட்கள்தாம். ஹதீஸ் கலையின் விதிப்படி கேட்பவரின் கவனம் இல்லாவிட்டால் வாசிப்பவரின் வேகத்துக்கு மதிப்பில்லை. உபைதின் சகோதரிக்கும் கரீமாவுக்கும் இடையே படைப்பில் என்ன வேறுபாடு இருந்தது என்று நம்மால் காட்ட முடியாது. நேரத்தின் பங்கீட்டில் இருந்த வேறுபாடோ கண்முன் நிற்கிறது.

அதே சமயம், கரீமாவின் வாழ்வு இன்னொரு சுமையையும் நினைவூட்டுகிறது. கல்விக்காக இல்லறத்தைத் துறந்த அறிஞர்களைப் பற்றி அபூ ஃகுத்தா தனி நூலே எழுதியிருக்கிறார். இமாம் தபரீயும் இமாம் நவவீயும் திருமணம் செய்யாதவர்களே. ஆனால் மணம் செய்துகொண்டும் மூழ்கி எழுதிய ஆண்கள் ஏராளம். அதற்கு வழி வகுத்தவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். மணம் செய்துகொண்ட பெண்ணுக்குக் கவளம் ஊட்டியவர் யார்?

வேறோர் அளவுகோல்

இக்கேள்விகள் வெறும் ஏட்டு விவாதமாக நின்றுவிடக் கூடியவை அல்ல. தமிழகத்தில் இன்று பெண்கள் அரபுக் கல்லூரிகள் பல இருக்கின்றன. அங்கும் இதே நிகழ்ச்சிகளே எடுத்துரைக்கப்படுகின்றன. ஆண் மாணவர்கள் இப்னு ஸஹ்னூனைக் கேட்டு வியக்கிறார்கள். தாமும் அவ்வாறு ஆக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். மாணவியர் அதே கதையைக் கேட்டு யாராக ஆக வேண்டும் என்று எண்ணுவார்கள்? ஆலிமா பட்டம் பெற்று, மணமாகி, சில ஆண்டுகளில் கிதாபுகளை அலமாரியில் பூட்டிவிட்ட பெண்ணைப் பார்த்து ‘காலத்தின் மதிப்பை அறியாதவள்’ என்று நாம் சொல்லக் கூடும். அவளுக்கு மதிப்புத் தெரியாமலில்லை. பூட்டப்பட்டது அவளுடைய நேரம்.

இதற்கு மாற்றான அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும் நேரத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை அல்லாஹ்வுக்கும், ஒரு பங்கைக் குடும்பத்தாருக்கும், ஒரு பங்கைத் தமக்கும் ஆக்கி, தம் பங்கையும் மக்களோடு பகிர்ந்துகொண்டார்கள் என்று திர்மிதீயின் ‘ஷமாயில்’ கூறுகிறது. வீட்டில் அவர்கள் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரீயில் உள்ளது. வஹீயைச் சுமந்தவரின் காலத்தைவிட மதிப்புமிக்க காலம் எது? அந்தக் காலத்திலிருந்தே குடும்பத்துக்கு ஒரு பங்கு வெட்டிக் கொடுக்கப்பட்டது.

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி), அபுத் தர்தா (ரலி) நிகழ்ச்சியையும் இங்கு நினைக்கலாம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த நண்பரின் வீட்டுக்கு ஸல்மான் செல்கிறார். அவர் கண்ணில் முதலில் படுவது நண்பரின் வணக்கமன்று. பேணப்படாத கோலத்தில் இருந்த அவருடைய மனைவி. அங்கிருந்தே அவர் பேச்சு தொடங்குகிறது. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்று அவர் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் மெய்ப்படுத்தினார்கள். ஓர் அறிஞரின் காலத்தை அளக்க வேண்டுமானால், அவருடைய தாள்களோடு அவர் வீட்டிலிருந்தவரின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பதே ஸல்மானின் முறை.

‘கீமதுஸ் ஸமன்’ நூலை நாம் மாணவர் கையிலிருந்து பறிக்கச் சொல்லவில்லை. சோம்பலுக்கு அதைப் போன்ற மருந்து குறைவு. ஆனால் ஆசிரியர்கள் அதைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம். இது இவருடைய இயல்பா, எல்லாருக்குமான கடமையா? இவர் மிச்சம் பிடித்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து வந்தது? முதல் கேள்வி, இப்னு அகீலாக ஆக முடியாத மாணவனை விரக்தியிலிருந்து காக்கும். இரண்டாவது கேள்வி, இப்னு ஸஹ்னூனாக ஆக விரும்பும் மாணவனுக்கு வீட்டில் இன்னொருவரும் விழித்திருக்கிறார் என்பதை நினைவூட்டும். மாணவியரின் பெற்றோரும், அவர்களை மணமுடிப்போரும் இரண்டாவது கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டால், பூட்டிய அலமாரிகளில் சிலவாவது திறக்கும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், எவரும் அழைக்காத ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். முப்பது ஆண்டுகளில் அது 10,620 மணி நேரமாகும். உபைதின் சகோதரியின் இரவுகளுக்கும் அதுதான் எண்ணிக்கை.

வல்லாஹு அஃலம்.